எண்கள் இரத்தத்திற்கு வந்த வழி

ஆய்வக அறிக்கையைக் கையில் வாங்கும் எவரும் முதலில் தேடுவது, எந்த எண்ணுக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கிறது, எதற்குப் பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி இருக்கிறது என்பதைத்தான். மருத்துவ உயிர்வேதியியல் ஆய்வகத்தில் அறிக்கைகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவதும், அவற்றை வாசிக்க மாணவர்களுக்குக் கற்பிப்பதுமாக என் பணிக்காலம் கழிந்திருப்பதால், அந்த அம்புக்குறியின் மீது எனக்கு நெடுநாள் மனக்குறை ஒன்று உண்டு. கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்ற கேள்வியை அது முன்னால் நிறுத்தி, அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டியவற்றை மறைத்துவிடுகிறது. இந்த மூலக்கூறு எங்கே உருவாகிறது, எப்படி இரத்தத்துக்குள் வருகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது, நம் கருவி அதில் எதைப் பிடித்து எண்ணாக்குகிறது என்பவையே அந்தக் கேள்விகள். இவற்றுக்கு விடை தெரியாமல் வாசிக்கப்படும் எண், எத்தனை தசமத் துல்லியத்தோடு அச்சிடப்பட்டிருந்தாலும், நோயாளியைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

இரத்தத்தில் ஒரு பொருளின் அளவு, ஒரு பக்கம் குழாயில் நீர் விழ, மறுபக்கம் மடைவழியே வடிந்துகொண்டிருக்கும் தொட்டியின் நீர்மட்டத்தைப் போன்றது. மட்டம் உயர்ந்திருப்பதை மட்டும் பார்த்து, வரத்து கூடியதா, வடிகால் அடைத்துக்கொண்டதா, தொட்டியே சுருங்கிவிட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. நீர்ச்சத்து இழந்த ஒருவருக்கு ஆல்புமினும் ஹீமோகுளோபினும் சேர்ந்தே உயர்ந்து காணப்படுவது இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது. அங்கே எந்தப் பொருளும் கூடுதலாக உற்பத்தியாகவில்லை.

உடலின் நிலையைக் காட்ட அளக்கப்படும் பொருளைக் குறிப்பான் என்கிறோம். எளியதாகத் தோன்றி, நெருங்கிப் பார்க்கும்போது சிக்கலாகிவிடும் குறிப்பான் கிரியாட்டினின். தசைகளில் ஆற்றல் கையிருப்பாக இருக்கும் கிரியாட்டினும் கிரியாட்டின் பாஸ்பேட்டும், எந்த நொதியின் உதவியும் இல்லாமல், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு என்ற சீரான வேகத்தில் கிரியாட்டினினாக மாறுகின்றன. அது சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளில் வடிகட்டப்பட்டு, மீண்டும் உறிஞ்சப்படாமல் சிறுநீரில் போய்விடுகிறது. வரவு சீராக இருப்பதால், செலவு குறைந்தால் மட்டம் உயர வேண்டும். ஆகவே அது சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் என்பது கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த உறவு நேர்கோடாக அமையாமல், ஒன்று பாதியாகும்போது மற்றது இரட்டிப்பாகும் வளைகோடாக அமைந்திருக்கிறது. நிமிடத்துக்கு 120 மில்லிலிட்டர் வடிகட்டிய சிறுநீரகம் 60 மில்லிலிட்டருக்கு இறங்கினால், டெசிலிட்டருக்கு 0.6 மில்லிகிராமாக இருந்த கிரியாட்டினின் 1.2 ஆகும், வடிகட்டும் திறனில் பாதி போன பின்னும் பல அறிக்கைகளில் இந்த எண்ணுக்கு அம்புக்குறி விழாது. அதே சிறுநீரகம் பிற்காலத்தில் 20-இலிருந்து 10-க்கு இறங்கும்போது கிரியாட்டினின் 3.6-இலிருந்து 7.2-க்குத் தாவும். நோயாளியும் குடும்பத்தாரும் அஞ்சி நடுங்குவது இந்த இரண்டாவது தாவலைக் கண்டுதான். இழப்பின் பெரும்பகுதியோ, எவருக்கும் தெரியாமல் முதல் கட்டத்திலேயே நடந்து முடிந்திருக்கும்.

வரவு சீரானது என்பதும் ஒரே மனிதருக்குள்தான் உண்மை. தசை மெலிந்த முதியவருக்கும், கால் அகற்றப்பட்டவருக்கும், நீண்ட காலம் படுக்கையில் கிடந்தவருக்கும் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு. அவர்களுடைய 'இயல்பான' எண், பழுதடைந்த சிறுநீரகத்தை மூடி மறைக்கக்கூடும். உடற்பயிற்சியால் தசை பெருத்த இளைஞருக்கு இதன் நேரெதிர் நடக்கிறது. டிரைமெத்தோபிரிம் போன்ற சில மருந்துகள், சிறுநீரக நுண்குழல்கள் கிரியாட்டினினைச் சுரந்து வெளியேற்றும் சிறு வழியை அடைத்துவிடுவதால், வடிகட்டும் திறன் சிறிதும் குறையாமலே எண்ணை உயர்த்துகின்றன. வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வாய்பாடுகள் இந்தக் குறைகளில் ஒரு பகுதியைச் சரிசெய்கின்றன. தசையைச் சாராமல் உடலின் எல்லா உட்கருவுள்ள உயிரணுக்களிலிருந்தும் வரும் சிஸ்டாட்டின் சி மற்றொரு பகுதியைச் சரிசெய்கிறது. அதற்கும் தைராய்டு நோய், ஸ்டீராய்டு மருந்து என்று தனிக் குறைகள் உண்டு. குறையற்ற குறிப்பான் ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

உயிரணுக்களின் உள்ளே இருக்க வேண்டியவை கசிந்து வெளியே வருவதால் உருவாகும் குறிப்பான்கள் வேறு வகை. இதயத் தசை மாண்டால் அதிலுள்ள நொதிகள் இரத்தத்தில் தென்படும் என்பதை 1954-இல் லாடூ, விரோப்லெவ்ஸ்கி, கார்மென் ஆகியோர் காட்டினார்கள். அவர்கள் அளந்தது இன்று கல்லீரல் அறிக்கையில் நாம் பார்க்கும் ஏஎஸ்டி என்ற அதே நொதியைத்தான். கல்லீரலிலும் எலும்புத் தசையிலும் சிவப்பணுவிலும் கூட இருக்கும் ஒரு நொதி இதயத்துக்குச் சாட்சி சொல்வதில் உள்ள பலவீனம் விரைவிலேயே புரிந்தது. அதன் பிறகு தசைகளில் மிகுந்த நொதியான கிரியாட்டின் கைனேஸ், இதயத்தில் கூடுதலாக உள்ள அதன் எம்பி வடிவம் என்று படிப்படியாக நகர்ந்து, இதயத்துக்கே உரிய வடிவங்களைக் கொண்ட தசைப் புரதமான ட்ரோபோனினுக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். ஆனால் உறுப்பை அடையாளம் காட்டுவதும் காரணத்தை அடையாளம் காட்டுவதும் ஒன்றல்ல. ட்ரோபோனின் உயர்ந்தால் இதயத் தசை காயப்பட்டிருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். இரத்தக்குழாய் அடைத்ததால் காயப்பட்டதா, கடும் தொற்றினாலா, நுரையீரல் தமனியில் சிக்கிய இரத்தக்கட்டியாலா, இதயத் தசை அழற்சியாலா என்பதை அந்த மூலக்கூறு அறியாது. அதனால்தான் மாரடைப்பின் அனைத்துலக வரையறை, ஆரோக்கியமானவர்களில் 99 விழுக்காட்டினரின் அளவுக்கு மேல் ஒரு மதிப்பு இருப்பதோடு, அது ஏறவோ இறங்கவோ வேண்டும் என்றும், இரத்த ஓட்டக் குறைவுக்கு வேறு சான்றும் வேண்டும் என்றும் கேட்கிறது. நீண்டகாலச் சிறுநீரக நோயாளி ஒருவருக்கு வாரக்கணக்கில் ஒரே உயரத்தில் நிற்கும் ட்ரோபோனினும், மூன்று மணி நேரத்தில் பல மடங்காகும் ட்ரோபோனினும் ஒரே எண்ணைத் தொட்டாலும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை.

கல்லீரல் நொதிகளில் இந்தப் பாடம் இன்னும் கடுமையானது. ஏஎல்டி, ஏஎஸ்டி இரண்டும் காயத்தின் அளவுகோல்களே தவிர, கல்லீரல் வேலை செய்கிறதா என்பதற்கான அளவுகோல்கள் அல்ல. கடினமான உடற்பயிற்சிக்குப் பின் இரண்டும் தசையிலிருந்தே உயரக்கூடும். தசைச் சிதைவு நோயுள்ள சிறுவர்கள் கல்லீரல் நோயாளிகள் எனக் கருதப்பட்டு அலைக்கழிக்கப்படுவது மருத்துவ இலக்கியத்தில் மீண்டும் மீண்டும் பதிவாகியிருக்கிறது. கிரியாட்டின் கைனேஸை ஒரு முறை அளந்திருந்தால் வழி தெரிந்திருக்கும். மதுவினால் கெட்ட கல்லீரலில் ஏஎஸ்டி, ஏஎல்டியைப் போல இரு மடங்குக்கு மேல் நிற்பதற்கு ஒரு காரணம், ஏஎல்டி உற்பத்திக்கு மிகுதியாகத் தேவைப்படும் பி6 வைட்டமின் அந்த நோயாளிகளிடம் குறைந்திருப்பது. ஆக, அங்கே குறைந்த எண்ணிலும் ஒரு நோய் இருக்கிறது. கடும் கல்லீரல் அழற்சியில் ஆயிரக்கணக்கில் ஏறிய நொதிகள் சில நாட்களில் சரசரவென்று இறங்கும்போது வீட்டார் நிம்மதி அடைவது இயல்பு. அதே வேளையில், கல்லீரல் வெளியேற்ற வேண்டிய மஞ்சள் நிறமியான பிலிரூபின் ஏறிக்கொண்டும், இரத்தம் உறையும் நேரம் நீண்டுகொண்டும் போனால், நொதி இறங்கியதற்குப் பொருள், கசிவதற்கு உயிரணுக்கள் மிச்சமில்லை என்பதாகும். கல்லீரல் உருவாக்கும் உறைதல் காரணிகளில் ஏழாவதன் அரைவாழ்வு, அதாவது அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், சில மணி நேரமே என்பதால், கல்லீரலின் அன்றைய உழைப்பை அன்றன்றே சொல்வது, இரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் புரோத்ராம்பின் நேரம்தான். மூன்று வாரம் வரை அரைவாழ்வுள்ள ஆல்புமின் அந்த வேகத்தில் எதையும் சொல்லாது. ஒரே உறுப்பு உற்பத்தி செய்யும் இரண்டு புரதங்கள், ஒன்று இன்றைய நிலையையும் மற்றொன்று கடந்த மாதத்தையும் காட்டுகின்றன.

வளர்சிதை மாற்றம் முழுவதும் ஒரே நேரத்தில் குலைந்துபோனால் குறிப்பான்கள் ஒன்றையொன்று எப்படிப் பொய்யாக்கும் என்பதைக் காட்ட, இன்சுலின் குன்றி, கீட்டோன் எனப்படும் அமிலங்கள் இரத்தத்தில் குவியும் நீரிழிவுக் கீட்டோ அமிலமிகையைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. இன்சுலின் இல்லாதபோது கொழுப்புத் திசுவின் மீதிருந்த கட்டுப்பாடு தளர்ந்து, கொழுப்பு அமிலங்கள் வெள்ளமாகக் கல்லீரலை அடைகின்றன. அதே நேரத்தில், இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும் குளுக்ககான் ஹார்மோன் ஓங்குவதால் கல்லீரலில் மலோனைல் கோ-ஏ குறைகிறது; கொழுப்பு அமிலங்களை மைட்டோகாண்டிரியாவுக்குள் விடாமல் காத்துவந்த அந்தத் தடை நீங்கியதும், அவை உள்ளே புகுந்து எரிந்து, செலவழிக்க முடியாத அளவுக்கு அசிட்டைல் கோ-ஏ குவிகிறது. அது அசிட்டோஅசிட்டேட்டாகவும் பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட்டாகவும், அதாவது கீட்டோன்களாக, மாறி வெளியேறுகிறது. இரண்டும் அமிலங்கள். அவற்றைச் சமன்செய்வதில் பைகார்பனேட் தீர்ந்துபோகிறது. அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியேற்ற உடல் ஆழ்ந்தும் விரைந்தும் மூச்சு விடுகிறது. 1874-இல் அடால்ஃப் குஸ்மால் விவரித்த அந்தச் சுவாசம், எந்தக் கருவியும் இல்லாமல் படுக்கையருகில் நின்றே கண்டுகொள்ளக்கூடிய உயிர்வேதிச் சான்று. சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் வரும் இடைவெளி விரிந்திருப்பது, அளக்கப்படாத அமிலம் ஒன்று உள்ளே இருக்கிறது என்பதைக் கழித்தல் கணக்கினாலேயே சொல்லிவிடுகிறது. ஆய்வகத்தில் இதைவிட மலிவான, இதைவிடப் பயனுள்ள சோதனை கிடையாது என்பது என் துணிபு.

இனி அந்த நோயாளியின் மற்ற எண்களைப் பார்க்கலாம். கீட்டோன்களைக் கண்டறியும் பழைய சிறுநீர்ப் பட்டை, நைட்ரோபுருசைடு வினையால் அசிட்டோஅசிட்டேட்டை மட்டுமே காண்கிறது. பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட் அதன் கண்ணுக்குப் படாது. இயல்பு நிலையில் ஏறத்தாழச் சமமாக இருக்கும் இவ்விரண்டின் விகிதம், நோய் முற்றும்போது இரண்டாவதன் பக்கம் மூன்று மடங்கும் அதற்கு மேலும் சாய்ந்துவிடுவதால், நோய் உச்சத்தில் இருக்கும்போது பட்டை குறைத்துச் சொல்கிறது. இன்சுலின் கொடுத்ததும் பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட் மீண்டும் அசிட்டோஅசிட்டேட்டாக மாறத் தொடங்க, நோயாளி தேறிவரும் வேளையில் பட்டையின் நிறம் அடர்ந்து, நோய் மோசமாவதாகக் காட்டுகிறது. பொட்டாசியம் இன்னும் ஆபத்தான பொய் சொல்லும். நாட்கணக்கில் சிறுநீரில் பொட்டாசியத்தை இழந்து உடல் வறண்டிருந்தாலும், இன்சுலின் இல்லாமையால் உயிரணுக்களிலிருந்து அது வெளியே வந்துவிடுவதால், இரத்த அளவு இயல்பாகவோ உயர்ந்தோ இருக்கும். இன்சுலின் செலுத்தியவுடன் அது உள்ளே பாய, சில மணி நேரத்தில் இதயத் துடிப்பைக் குலைக்கும் அளவுக்கு எண் சரியும். ஆகவே தேர்ந்த மருத்துவர், பொட்டாசியம் இயல்பாக இருக்கும்போதே அதைச் சேர்க்கத் தொடங்குகிறார். அறிக்கையில் உள்ள எண்ணுக்கு அல்ல, இன்னும் வராத எண்ணுக்கு அவர் மருத்துவம் செய்கிறார். குளுக்கோஸ் நீரை ஈர்ப்பதால் சோடியம் நீர்த்துத் தாழ்ந்து தெரிகிறது. கிரியாட்டினினை மாக்ஸ் யாஃபே 1886-இல் கண்ட பிக்ரிக் அமில முறையில் அளக்கும் ஆய்வகமாக இருந்தால், அசிட்டோஅசிட்டேட்டும் அதே நிறத்தைத் தருவதால், சிறுநீரகம் உண்மையில் இருப்பதைவிடக் கெட்டிருப்பதாகத் தோன்றும். ஒரே குழாய் இரத்தத்தில் இத்தனை எண்களும் ஒன்றையொன்று மறைத்தும் மிகைத்தும் பேசுகின்றன. ஆனால் இன்சுலின் இல்லாமை என்ற ஒரே காரணத்திலிருந்து தொடங்கி நடந்து வந்தால், அவற்றில் ஒன்றுகூட முரண்படுவதில்லை. சிறுநீரில் குளுக்கோஸைக் கழிக்கச் செய்யும் புதுவகை நீரிழிவு மருந்துகளை உட்கொள்வோரிடம் இரத்தச் சர்க்கரை பெரிதும் உயராமலே இந்த அமிலமிகை வருவது இன்று தெரிந்திருக்கிறது. சர்க்கரை எண்ணை நோயின் நிலைக்கதவாக வைத்திருந்தவர்கள் அந்த நோயாளிகளைத் தவறவிட்டார்கள்.

நீரிழிவின் மற்றொரு குறிப்பானான, சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபினின் அளவைக் காட்டும் எச்பிஏ1சி, காலத்தைச் சேமித்து வைக்கும் தன்மையால் எனக்கு மிகவும் பிடித்தமானது. நீரிழிவு நோயாளிகளின் ஹீமோகுளோபினில் வழக்கத்துக்கு மாறான ஒரு கூறு மிகுந்திருப்பதை 1968-இல் சாமுவேல் ரஹ்பார் அறிவித்தார். ஏறத்தாழ 120 நாள் வாழும் சிவப்பணுவின் உள்ளே, நொதி எதுவும் தலையிடாமல், குளுக்கோஸ் தானாகவே ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியாக அது நமக்குப் பயன்படுவது அந்த அணுவின் ஆயுளை நம்பித்தான். இரத்தம் சிதையும் சோகையில் அணுக்கள் இளமையிலேயே மடிவதால், எண் பொய்யாகத் தாழ்கிறது. இரும்புச்சத்துக் குறைவில் பழைய அணுக்கள் நீடிப்பதாலும் பிற காரணங்களாலும் அது பொய்யாக உயர்கிறது. 6.5 விழுக்காடு என்ற கண்டறிதல் எல்லையை ஒட்டி நிற்கும் ஒருவருக்கு ஹீமோகுளோபின் அளவைப் பார்க்காமல் தீர்ப்பளிப்பது அவசரம்.

இதுவரை சொன்னவை எல்லாம் நோயின் தடயங்கள். தடயமே குற்றவாளியாகவும் இருக்கும் நோய்கள் உண்டு. இந்தத் துறையின் வரலாற்றில் பெருமைக்குரிய பக்கங்கள் அவற்றுக்குச் சொந்தமானவை. ஆல்ஃபிரட் பேரிங் கேராட் 1848-இல் கீல்வாத நோயாளிகளின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டினார். சீரத்தில் அமிலம் சேர்த்து அதில் ஒரு நூல் இழையை இட்டு, இழையின் மீது படிகங்கள் படிவதைப் பார்ப்பது அவருடைய முறை. அவருடைய மகன் ஆர்ச்சிபால்ட் கேராட், காற்றில் பட்டுக் கறுக்கும் சிறுநீரைக் கொண்ட அல்கப்டோனூரியாவை ஆராய்ந்து, 1902-இல் அதை மரபுவழி வரும் வேதியியல் தனித்தன்மை என்று விளக்கினார். ஹோமோஜென்டிசிக் அமிலத்தை மேற்கொண்டு உடைக்கும் நொதி இல்லை என்ற அவரது அனுமானம், ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1958-இல்தான் கல்லீரல் திசுவில் நேரடியாக உறுதிப்பட்டது. 1934-இல் நார்வே நாட்டு மருத்துவர் அஸ்பியோன் ஃபோலிங், மனவளர்ச்சி குன்றிய இரு குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடைச் சேர்த்தபோது எதிர்பாராத பச்சை நிறம் தோன்ற, அதற்குக் காரணமான ஃபீனைல்பைருவிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். ஃபீனைல்கீட்டோனூரியா என்று இன்று அறியப்படும் அந்த நோயில் இரத்தத்தில் குவியும் ஃபீனைல்அலனின்தான் மூளையைக் கெடுப்பது. அதனால் 1950-களில் ஹார்ஸ்ட் பிக்கலும் அவருடன் பணியாற்றியோரும் ஃபீனைல்அலனின் குறைந்த உணவைத் தந்தபோது எண் இறங்கியதோடு குழந்தையின் நிலையும் மேம்பட்டது. ராபர்ட் கத்ரி 1960-களின் தொடக்கத்தில், வடிதாளில் உலர்த்திய ஒரு சொட்டு இரத்தத்தைக் கொண்டு இதைப் பிறந்த சில நாட்களிலேயே கண்டறியும் வழியை அமைத்தார். எண்ணைத் திருத்தினால் நோய் திருந்தும் என்ற நம்பிக்கை மருத்துவத்தில் வேரூன்றியதற்கு இத்தகைய வெற்றிகளே காரணமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த நம்பிக்கை வேறிடங்களில் விலை கேட்டது. நல்ல கொழுப்பு என்று அழைக்கப்படும் எச்டிஎல் மிகுந்தவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பது பல ஆய்வுகளில் தெரிந்த உண்மை. டார்செட்ரபிப் என்ற மருந்து எச்டிஎல்லை 70 விழுக்காட்டுக்கும் மேல் உயர்த்தியது. தீய கொழுப்பான எல்டிஎல்லையும் குறைத்தது. அறிக்கையைப் பார்த்தால் இரண்டு அம்புக்குறிகளும் விரும்பிய திசையில்தான் இருந்தன. ஆனால் 15,000 பேருக்கு மேல் பங்கேற்ற சோதனையில் மருந்து பெற்றவர்களிடையே இறப்புகள் கூடியதால், 2006 டிசம்பரில் அது நிறுத்தப்பட்டது. இரத்தத்தில் மிகுந்தால் மாரடைப்பு கூடும் என்று கருதப்பட்ட ஹோமோசிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தின் கதையும் அதே ஆண்டில் முடிச்சவிழ்ந்தது: ஃபோலிக் அமிலமும் பி வைட்டமின்களும் அதன் அளவைச் சொன்னபடி குறைத்தன, மாரடைப்புகளைக் குறைக்கவில்லை. எல்டிஎல் இவற்றிலிருந்து வேறுபட்டு நிற்பதற்குக் காரணம் ஒரே ஒரு மருந்தின் வெற்றி அல்ல. எல்டிஎல்லை இரத்தத்திலிருந்து உயிரணுவுக்குள் எடுக்கும் எல்டிஎல் ஏற்பி பிறவியிலேயே பழுதானவர்களுக்கு இளமையில் மாரடைப்பு வருவதை விளக்கிய கோல்ட்ஸ்டைன், பிரவுன் ஆகியோரின் ஆய்வு 1985-இல் நோபெல் பரிசு பெற்றது. அந்த ஏற்பிகளை அழிக்கும் புரதத்துக்கான பிசிஎஸ்கே9 மரபணு செயலிழந்து, வாழ்நாள் முழுவதும் எல்டிஎல் தாழ்ந்தவர்களிடம் இதயநோய் அரிதாக இருப்பது பின்னர் தெரிந்தது. வெவ்வேறு இடங்களில் வேலை செய்யும் பலவகை மருந்துகளும் ஒரே விளைவைத் தந்தன. மரபணுவிலும் நோயிலும் மருந்திலும் ஒரே செய்தி வரும்போதுதான் ஒரு குறிப்பானைக் காரணம் என்று அழைக்கும் உரிமை நமக்குக் கிடைக்கிறது. இவற்றில் ஒன்று மட்டும் கையில் இருக்கும்போதே எண்ணைத் திருத்தப் புறப்படுவோர் இன்றும் குறையவில்லை என்பதால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

மருந்துகள் நோயை மாற்றாமல் குறிப்பானின் பாதையை மட்டும் அறுப்பதும் உண்டு. 1930-இல் டில்லெட்டும் பிரான்சிஸும் நுரையீரல் அழற்சி நோயாளிகளின் சீரத்தில் கண்ட, அழற்சியின் குறிப்பானான சி-ரியாக்டிவ் புரதம், இன்டர்லூக்கின்-6 தரும் சைகையால் கல்லீரலில் உருவாகிறது. அந்தச் சைகையைத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்தைப் பெறும் மூட்டுவாத நோயாளிக்குக் கடும் தொற்று வந்தாலும் அந்தப் புரதம் உயராமலே இருக்கலாம். இதயச் செயலிழப்பில் அளக்கப்படும் பிஎன்பி என்ற இதய ஹார்மோனை உடைக்கும் நொதியை சாகுபிட்ரில் தடுப்பதால், மருந்து வேலை செய்யும்போதே பிஎன்பி உயர்கிறது. அந்த நொதியால் உடையாத என்டி-புரோபிஎன்பியை அளந்தால்தான் இதயத்தின் நிலை தெரியும்.

குழாயில் அடைத்த பின்பும் பயணம் முடிவதில்லை. மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்தால் பொட்டாசியமும் ஏஎஸ்டியும் பொய்யாக உயரும். சாதாரணக் குழாயில் பிரிக்காமல் வைத்த இரத்தத்தில் அணுக்கள் குளுக்கோஸை உண்டு, மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை குறைத்துவிடும். கால்சியத்தைப் பிணைத்து இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ பொட்டாசியம் உப்பு உள்ள குழாயிலிருந்து சில துளிகள் வேறு குழாயில் கலந்தால், பொட்டாசியம் மிக உயர்ந்தும் கால்சியம் நம்ப முடியாத அளவுக்குத் தாழ்ந்தும் வரும்; இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் மட்டுமே அது நோயாளியின் உடலில் நடந்ததல்ல என்று கண்டுகொள்வார். முடி வளர்ச்சிக்காக அதிக அளவில் பயோட்டின் மாத்திரை உட்கொள்பவர்களுக்கு, பயோட்டினைப் பிணைப்பாகப் பயன்படுத்தும் சில சோதனை முறைகளில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் தாழ்ந்தும் தைராய்டு ஹார்மோனான தைராக்சின் உயர்ந்தும் வந்து, இல்லாத தைராய்டு மிகைநோய் முழு உருவத்தோடு அறிக்கையில் தோன்றிவிடுகிறது. அதே மாத்திரை ட்ரோபோனினைப் பொய்யாகத் தாழ்த்தக்கூடும் என்று 2017-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. நோயாளி என்ன உட்கொள்கிறார் என்ற எளிய கேள்வி, விலையுயர்ந்த மறுசோதனைகளைவிட முன்னால் வர வேண்டும்.

அம்புக்குறிகளைத் தீர்மானிக்கும் குறிப்பு வரம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆரோக்கியமானவர்களை அளந்து, நடுவில் உள்ள 95 விழுக்காட்டினரின் அளவுகளை வரம்பாக வைப்பது பொதுவான வழக்கம். அதன்படி ஒவ்வொரு சோதனையிலும் ஆரோக்கியமானவர்களில் 5 விழுக்காட்டினர் வரம்புக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை ஒருவருக்குச் செய்தால், நோயே இல்லாதவராக இருந்தாலும், குறைந்தது ஓர் எண்ணாவது வெளியே விழுவதற்கான வாய்ப்பு 64 விழுக்காடு. முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்குச் சோதனைகளைக் கட்டுக்கட்டாக விற்பதை நான் விரும்பாததற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும். அங்கே விற்கப்படுவது பெரும்பாலும் அடுத்த சோதனைக்கான காரணம்.

வரம்புக்குள் நிற்பது இதற்குச் சமமான அளவில் ஏமாற்றும். பல சோதனைகளில், ஒரே மனிதரின் அளவு நாளுக்கு நாள் மாறும் தொலைவு, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டைவிட மிகக் குறைவு. கிரியாட்டினின் அப்படிப்பட்டது. ஒருவருடைய 0.6 என்ற எண் சில ஆண்டுகளில் 1.0 ஆகி அங்கேயே நிலைத்தால், இரண்டு அறிக்கைகளிலும் அம்புக்குறி இருக்காது, வடிகட்டும் திறனில் ஏறத்தாழ 40 விழுக்காடு போயிருக்கும். பழைய அறிக்கையை எடுத்து வைத்திருப்பவரிடம் மட்டுமே அந்தச் செய்தி இருக்கிறது. திடீர்ச் சிறுநீரகக் காயத்துக்கான கேடிகோ என்ற அனைத்துலகச் சிறுநீரக அமைப்பின் வழிகாட்டி 2012-இல் இதையே விதியாக்கியது: 48 மணி நேரத்துக்குள் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஏறினாலோ, ஏழு நாட்களுக்குள் அடிப்படை அளவைப் போல ஒன்றரை மடங்கானாலோ, அது காயம். அந்த விதியில் ஆண், பெண், முதியவர், இளையவர் என்ற பிரிவுகள் இல்லை. குறிப்பு வரம்பு என்ற சொல்லுக்கும் அதில் வேலையில்லை. அந்த மனிதருடைய முந்தைய எண் மட்டும் தேவைப்படுகிறது, பெரும்பாலான நோயாளிகளின் கோப்பில் இல்லாமல் போவதும் அதுவாகத்தான் இருக்கிறது.